9,000 டாலர், மேனுவல் கியர், பழைய சொகுசு செடான்: எதை எடுக்கலாம், எதைத் தொடக்கூடாது?

ஏரிக்கரையான்:

வணக்கம். கிளீவ்லாந்து பக்கம் இருக்கிறேன். வேலைக்குப் போய்வர தினம் 40 மைல், பெரும்பாலும் ஹைவே. மேனுவல் கியர் உள்ள நாலு கதவு வண்டி தேடுகிறேன். உட்கார்ந்தால் சொகுசு, ஓட்டினால் ருசி, இரண்டும் வேண்டும். பின் சக்கர ஓட்டம் என்றால் நல்லது, கட்டாயமில்லை.

கையிருப்பு மொத்தம் 9,000 டாலர். வரி, பதிவு, வாங்கியதும் வரும் ரிப்பேர் எல்லாம் இதற்குள் அடங்க வேண்டும். ஆயில், பிரேக் பேட், ப்ளக் மாற்றுவதெல்லாம் நானே செய்துகொள்வேன். லிஃப்ட் கிடையாது, கியர்பாக்ஸை இறக்கும் வேலை என்றால் கடைக்குத்தான் போக வேண்டும்.

பட்டியலில் இருப்பவை: பிஎம்டபிள்யூ 330ஐ (2001–2005), 328ஐ (2007–2011), லெக்சஸ் ஐஎஸ்300, ஆக்யூரா டிஎல், இன்ஃபினிட்டி ஜி35, ஆடி எஸ்4. இதில் எதை இப்போதே அடித்துவிடலாம்? ஓட்டிப்பார்க்கக் கிடைக்கும் இருபது நிமிடத்தில் கிளட்சையும் கியர்பாக்ஸையும் எப்படிச் சோதிப்பது? 150,000 மைல் ஓடிய வண்டியைத் தொடலாமா?

---

ஆறாம்_கியர்:

மைலை விடுங்கள், பில்லைப் பாருங்கள். இருபது வருட வண்டியில் இன்ஜின் இரும்பு அவ்வளவு சீக்கிரம் தேய்வதில்லை. ரப்பரும் பிளாஸ்டிக்கும்தான் போகும், அதுவும் ஓட்டத்தைவிட வயதால். 80,000 மைல் ஓடி எதையுமே மாற்றாத 330ஐ வண்டியைவிட, 160,000 மைல் ஓடி கூலிங், புஷ், கிளட்ச் எல்லாம் மாற்றிய பில் கட்டோடு வரும் வண்டி பல மடங்கு மேல். வாங்கும் விலை 6,000, மிஞ்சினால் 6,500. மீதி 2,500 டாலரைத் தொடாமல் வைத்திருங்கள், முதல் வருடத்தில் அது செலவாகும். 9,000 முழுவதையும் வண்டிக்கே கொடுத்துவிட்டால் முதல் கூலன்ட் ஒழுக்கிலேயே கையைப் பிசைய வேண்டியதுதான். வண்டியின் விலை எவ்வளவு விழுந்திருந்தாலும் உதிரிபாகத்தின் விலை விழவில்லை.

முதலில் 330ஐ, கம்பெனியின் மாடல் குறியீட்டில் ஈ46. உள்ளே எம்54 என்ற 3 லிட்டர் இன்லைன் ஆறு சிலிண்டர், அமெரிக்கக் கணக்கில் 225 குதிரைத்திறன். 2003 வரை ஐந்து கியர், 2004 மாடலில் இருந்து ஆறு. செட்எச்பி என்ற பெர்ஃபார்மன்ஸ் பேக்கேஜ் வந்த வண்டிகளுக்கு 235 குதிரை, ஆறு கியர், குட்டையான ஃபைனல் டிரைவ். அதற்குத் தனி ரசிகர் கூட்டம் இருப்பதால் நல்லது உங்கள் விலைக்குள் வராது. வந்தால் எங்கே கோளாறு என்று தேடுங்கள்.

இந்த வண்டியைக் கொல்வது கூலிங். ரேடியேட்டர் கழுத்து, எக்ஸ்பான்ஷன் டேங்க், தெர்மோஸ்டாட் உறை எல்லாம் பிளாஸ்டிக். 60,000 முதல் 80,000 மைலுக்கு ஒருமுறை ரேடியேட்டர், டேங்க், மூடி, வாட்டர் பம்ப், தெர்மோஸ்டாட், மேல் கீழ் ஹோஸ், பெல்ட் புல்லிகள் எல்லாவற்றையும் சேர்த்து மாற்றுவது வழக்கம். பாகங்கள் மட்டும் 500–700 டாலர் ஆகும். டேங்கின் ஒட்டுக்கோட்டில் வெள்ளை உப்பு மாதிரி காய்ந்திருந்தால் ஏற்கெனவே கசிகிறது என்று அர்த்தம். டாஷ்போர்டு முள்ளை நம்பாதீர்கள். வெப்பம் கணிசமாக ஏறி இறங்கினாலும் அது நடுவிலேயே நிற்கும்படி செய்து வைத்திருக்கிறார்கள், நகர ஆரம்பிக்கும்போது காரியம் கெட்டிருக்கும். காரின் கம்ப்யூட்டரைப் படிக்கும் 20 டாலர் ஓபிடி ரீடரைப் போனோடு இணைத்து நிஜமான கூலன்ட் வெப்பத்தைப் பாருங்கள். ஹைவேயில் 95 டிகிரி செல்சியஸை ஒட்டி நிற்க வேண்டும். 80-க்குக் கீழே போய்விட்டால் தெர்மோஸ்டாட் திறந்தபடி மாட்டிக்கொண்டிருக்கிறது. ஒருமுறை நன்றாகச் சூடேறிய எம்54-ஐ எடுக்கவே எடுக்காதீர்கள். பிளாக் அலுமினியம், ஹெட் போல்ட் மரை உருவிக்கொண்டு வந்துவிடும்.

அடுத்து கிராங்க்கேஸ் வென்டிலேஷன் வால்வு, சிசிவி என்பார்கள். ஓஹையோ குளிருக்கு இது முக்கியம். இன்ஜின் ஐடிலில் ஓடும்போது ஆயில் மூடியைத் திறந்து பாருங்கள். லேசான இழுப்பு இருக்கலாம். மூடியைப் பிடுங்கவே விடாமல் உறிஞ்சினால் உள்ளே டயாஃப்ரம் கிழிந்திருக்கிறது. மூடியின் அடியில் மோர் நிறத்தில் குழைவாக ஒட்டியிருந்தால், குறுகிய தூரமே ஓடிய வண்டியில் ஈரம் தங்கியிருக்கலாம். ஆனால் அதே ஈரம் சிசிவி குழாயில் உறைந்தால் ஆயில் நேரே இன்டேக்குக்குப் போகும், கெட்ட நேரமாக இருந்தால் இன்ஜின் லாக் ஆகும். குளிர்நாட்டு வகை என்று நுரை உறை போட்ட செட் கிடைக்கிறது, மாற்றும்போது அதையே போடுங்கள்.

3,000 ஆர்பிஎம்முக்குக் கீழே வண்டி சோம்பலாக இழுத்தால் வேனோஸ் (வால்வு திறக்கும் நேரத்தை மாற்றும் அமைப்பு) சீல் போயிருக்கிறது. ஓபிடி ரீடரில் பி0171, பி0174 பிழைக் குறியீடுகள் சேர்ந்து வந்தால் முக்கால்வாசி இன்டேக் ரப்பர் பூட் வெடிப்பு, மலிவான வேலை. இன்டேக் காற்றுப் பாதையை மாற்றும் டிசா வால்வைக் கழற்றி ஆட்டினால் கடகடவென்றால் மாற்றிவிடுங்கள், அதன் முள் உடைந்து இன்ஜினுக்குள் போன கதைகள் உண்டு. வால்வ் கவர் கேஸ்கெட்டும் ஆயில் ஃபில்டர் ஹவுசிங் கேஸ்கெட்டும் கசியாத ஈ46 இருந்தால், சமீபத்தில் யாரோ மாற்றியிருக்கிறார்கள்.

கீழே படுத்துப் பார்க்க வேண்டியது, பின் சஸ்பென்ஷனைத் தாங்கும் சட்டமான சப்ஃப்ரேம் மாட்டும் தகடு. நாலு மூலையிலும் டார்ச் அடித்து, பெயின்டில் முடி மாதிரி கீறல், ஸ்பாட் வெல்டைச் சுற்றிக் கிழிசல் இருக்கிறதா பாருங்கள். ஆரம்பகால ஈ46-களில்தான் இது அதிகம், ஆனாலும் பார்க்காமல் விடக்கூடாது. கிழிந்திருந்தால் சப்ஃப்ரேமை இறக்கி, தகடு வைத்து வெல்டு பண்ண வேண்டும், உங்கள் 2,500 அப்படியே போய்விடும்.

328ஐ (ஈ90) வயதில் இளையது. என்52 இன்ஜின், 230 குதிரை, டர்போ கிடையாது. தினசரி ஓட்டத்துக்கு என் கணக்கில் இதுதான் முதல் தேர்வு. மேனுவலில் கிடைப்பது அபூர்வம், பொறுமை வேண்டும். இதில் வாட்டர் பம்ப் மின்சாரத்தில் ஓடுவது. 60,000 முதல் 100,000 மைலுக்குள் பெரும்பாலும் முன்னறிவிப்பே இல்லாமல் நிற்கும். தெர்மோஸ்டாட்டோடு சேர்த்து மாற்ற வேண்டும், அலுமினிய போல்ட்டுகளைத் திரும்பப் போடக்கூடாது, புதிதுதான். மாற்றிய பில் இல்லையென்றால் விலையில் 900 டாலர் குறைத்துக் கேளுங்கள். ஆயில் பார்க்கக் குச்சி கிடையாது, திரையில்தான் காட்டும். 335ஐ பக்கம் கண் போனால் திருப்பிக்கொள்ளுங்கள். ஹை பிரஷர் ஃப்யூல் பம்ப், இன்ஜெக்டர், டர்போ வேஸ்ட்கேட் என்று அது வேறு பட்ஜெட்.

இனி சோதனை ஓட்டம். விற்பவரிடம் "வரும்வரை வண்டியை ஸ்டார்ட் பண்ணாதீர்கள்" என்று முன்பே சொல்லுங்கள். போனதும் பானெட்டைத் தொட்டுப் பாருங்கள், சூடாக இருந்தால் எதையோ மறைக்கிறார்.

குளிர்ந்த இன்ஜினை நியூட்ரலில் ஸ்டார்ட் செய்து, கிளட்ச் மிதியிலிருந்து காலை எடுத்துவிட்டுக் கேளுங்கள். இரைச்சல் வந்து, மிதித்ததும் நின்றால் கியர்பாக்ஸ் இன்புட் பேரிங். அமைதியாக இருந்து, மிதித்ததும் இரைந்தால் ரிலீஸ் பேரிங். ஐடிலில் கடகடத்து, அணைக்கும்போது ஒரு உலுக்கு உலுக்கினால் டூயல் மாஸ் ஃப்ளைவீல் தேய்ந்திருக்கிறது. அது வெறும் கிளட்ச் பிளேட்டோடு முடியாது, ஃப்ளைவீலோடு சேர்த்து 1,800–2,500 டாலர் வரை போகும்.

ஹேண்ட்பிரேக்கை இழுத்து நாலாம் கியரில் கிளட்சை விட்டுப் பார்ப்பது பழைய முறை, வேண்டாம். ஹைவேயில் நாலாம் அல்லது ஐந்தாம் கியரில் 2,000 ஆர்பிஎம்மில் போய்க்கொண்டிருக்கும்போது ஆக்சிலேட்டரை முழுதாக மிதியுங்கள். ஆர்பிஎம் முள் தாவி, வேகம் பின்னால் மெதுவாக வந்தால் கிளட்ச் வழுக்குகிறது. குறைந்த கியரில் இது தெரியாது.

சிங்க்ரோவை (கியர் சத்தமின்றி விழ வேகத்தைச் சமன் செய்யும் வளையம்) கியரை இறக்கும்போது பாருங்கள்: மூன்றிலிருந்து இரண்டுக்கு, நாலிலிருந்து மூன்றுக்கு, அவசரப்படாமல். குளிரில் இரண்டாம் கியர் கொஞ்சம் முரண்டு பிடிப்பது பழைய பிஎம்டபிள்யூவில் சகஜம், சூடேறிய பிறகும் 'கர்ர்' என்றால் சகஜமில்லை. ஒவ்வொரு கியரிலும் ஆக்சிலேட்டரைச் சட்டென்று கொடுத்து, சட்டென்று விடுங்கள். கியர் தானாக வெளியே வந்தால் அங்கேயே கைகுலுக்கிவிட்டுக் கிளம்பலாம். அதே சோதனையில் அடியிலிருந்து 'டொக்' என்று கேட்டால் டிரைவ்ஷாஃப்ட் ரப்பர் டிஸ்க், அது சின்ன வேலை. ஈ46 ஆறு கியரில் இன்னொன்று: நியூட்ரலில் கியர் கம்பை வலது ஓரம் தள்ளிவிட்டால் தானே நடுவுக்குத் திரும்ப வேண்டும். அங்கேயே சோம்பி நின்றால், கம்பை அதன் இடத்துக்குக் கொண்டுவரும் டீட்டென்ட் முள் இறுகியிருக்கிறது.

---

ஹோண்டாக்காரன்:

மேலே எழுதியவர் சொன்னதில் தப்பே இல்லை, ஆனால் அவ்வளவையும் படித்த பிறகும் பிஎம்டபிள்யூதான் வேண்டும் என்றால் அது ஆசை, கணக்கில்லை. தினம் 40 மைல் வேலைக்குப் போகிறவருக்கு டிஎல்.

2004–2006 டிஎல் மேனுவலில் 3.2 லிட்டர் வி6, ஆறு கியர். ஆட்டோமேட்டிக்கில் வராத இரண்டு சங்கதிகள் இதில் உண்டு: முன்பக்கம் பிரெம்போ பிரேக், லிமிடெட் ஸ்லிப் டிஃபரன்ஷியல் (ஒரு சக்கரம் வழுக்கினாலும் மற்றதுக்கு விசை அனுப்பும் அமைப்பு). 2007–2008 டைப்-எஸ்ஸில் 3.5 லிட்டர், 286 குதிரை. முன் சக்கர ஓட்டம்தான், முழு மிதியில் ஸ்டீயரிங் கொஞ்சம் இழுக்கும். பனியில் நல்ல விண்டர் டயர் போட்டால் 330ஐ-யைவிட நிம்மதி.

குறை இல்லாமல் இல்லை. மூன்றாம் கியர். ஏற்றும்போது அரைக்கும், அல்லது இழுத்துக்கொண்டு போகும்போது வெளியே குதிக்கும். இந்தக் காலத்து ஹோண்டா வி6 ஆறு கியர் பெட்டிகள் எல்லாவற்றுக்கும் உள்ள நோய். சூடேறிய பிறகு, 5,000 ஆர்பிஎம்முக்கு மேலே இரண்டிலிருந்து மூன்றுக்கு வேகமாகப் போட்டுப் பாருங்கள். லேசான உரசல் என்றால் ஜிஎம் சிங்க்ரோமெஷ் எண்ணெய் ஊற்றினால் குறைவதாகப் பலரும் சொல்கிறார்கள். குதிக்கிற பெட்டிக்கு எந்த எண்ணெயும் மருந்தில்லை.

இரண்டாவது, டைமிங் பெல்ட். 105,000 மைல் அல்லது 7 வருடம், எது முதலில் வருகிறதோ அது. பெல்ட் அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்ளும். பெல்ட், வாட்டர் பம்ப், டென்ஷனர் மூன்றும் ஒன்றாகத்தான் மாற்ற வேண்டும். கடையில் 900–1,200 டாலர். "போன ஓனர் மாத்தினார்" என்பது பில் ஆகாது.

கொஞ்சம் வேகம் குறைந்தாலும் பரவாயில்லை என்றால் 2004–2008 டிஎஸ்எக்ஸ் பாருங்கள். 2.4 லிட்டர் நாலு சிலிண்டர், டைமிங் செயின், ஆறு கியர். அந்தக் கியர் கம்பைப் பிடித்தால் மற்ற வண்டிகள் எல்லாம் கரண்டியால் களி கிண்டுகிற மாதிரி இருக்கும்.

ஐஎஸ்300: 2ஜேஇசட் இன்ஜின், 215 குதிரை, அமெரிக்காவில் மேனுவல் 2002 மாடலில் இருந்து, ஐந்து கியர். 90,000 மைலுக்கு ஒருமுறை டைமிங் பெல்ட், முன்பக்கக் கீழ் பால் ஜாயின்ட். வேறு பெரிய பயம் இல்லை. ஆனால் டிரிஃப்ட் பசங்களும் டர்போ மாட்டுகிறவர்களும் தேடித்தேடி வாங்கிவிட்டதால் கெடாத மேனுவல் உங்கள் விலைக்கு வராது. சந்தைக்கு வருவதில் டிஃபரன்ஷியல் வெல்டு பண்ணினது எத்தனை என்று எண்ணினால் சிரிப்புதான் வரும்.

---

சங்கிலிச்சத்தம்:

எஸ்4 பற்றி யாரும் எழுதவில்லை, அதனால் நான். 2004–2008 எஸ்4-இல் 4.2 லிட்டர் வி8, 340 குதிரை, சத்தம் கேட்டால் மனசு போய்விடும். டைமிங் செயின்கள் இன்ஜினின் பின்புறம், கியர்பாக்ஸ் பக்கம் இருக்கின்றன. பிளாஸ்டிக் கைடு தேய்ந்து, ஸ்டார்ட் ஆன முதல் சில விநாடி கரகரவென்று சத்தம் வந்தால் இன்ஜினை வெளியே எடுத்துத்தான் மாற்ற முடியும். பாகமும் கூலியும் சேர்ந்து வண்டியின் விலையைத் தொடும். 6,000 டாலருக்கு வரும் எஸ்4 ஏன் 6,000 என்பதற்கு அதுதான் பதில். சிறிய 2.0டி ஏ4 (2005–2008) எடுத்தால் ஃப்யூல் பம்பைத் தள்ளும் கேம் ஃபாலோயரைக் கழற்றிப் பாருங்கள், மூன்று போல்ட் வேலை. மேல் கறுப்புப் பூச்சு போய் நடுவில் குழி விழுந்திருந்தால் கேம்ஷாஃப்ட்டும் சேர்ந்து போயிருக்கலாம்.

ஜி35 பற்றியும் ஒரு வார்த்தை. 2005–2006 மேனுவலில் வந்த 298 குதிரை இன்ஜின் ஆயில் குடிக்கும். குச்சியைப் பாருங்கள், கீழ்க்கோட்டில் இருந்தால் விலகுங்கள். 2007–2008-இல் 306 குதிரை இன்ஜின், ஓட்ட அருமை. ஆனால் டைமிங் கவருக்குப் பின்னால் உள்ள ஆயில் கேலரி கேஸ்கெட் கிழிந்தால் சூடேறிய பின் ஐடிலில் ஆயில் பிரஷர் விழும். கிளட்ச் ஸ்லேவ் சிலிண்டரும் அந்த மாடலில் கியர்பாக்ஸ் உறைக்குள்ளேயே இருக்கிறது. மிதி தரையில் ஒட்டிக்கொண்டு எழாமல் நின்றால் சிலிண்டர் மலிவு, கியர்பாக்ஸை இறக்கும் கூலி மலிவில்லை. ஈ46-இல் அதே சிலிண்டர் வெளியே, இரண்டு நட்டில் மாட்டியிருக்கும். லிஃப்ட் இல்லாத உங்களுக்கு இந்த வித்தியாசம் பெரிது.

யாராவது முதல் தலைமுறை காடிலாக் சிடிஎஸ்-வி என்று ஆரம்பிப்பார்கள். 400 குதிரை, மேனுவல் மட்டும்தான், உண்மை. பின் டிஃபரன்ஷியல் அந்த 400-ஐத் தாங்காது என்பதும் உண்மை.

---

ஏரிக்கரையான்:

எல்லாருக்கும் நன்றி. எஸ்4, ஜி35 இரண்டையும் அடித்துவிட்டேன். 328ஐ மேனுவல் நூறு மைல் சுற்றளவில் ஒன்றுகூட இல்லை. இப்போது கண்ணில் பட்டவை இரண்டு.

ஒன்று: 2004 330ஐ, ஆறு கியர், 148,000 மைல், 5,800 டாலர். விளம்பரத்தில் "கூலிங் சிஸ்டம் மாற்றியாச்சு" என்று இருக்கிறது. கிளட்ச் பற்றி ஒன்றுமில்லை. படத்தில் முன் டயர் ஒரு கம்பெனி, பின் டயர் வேறு கம்பெனி.

இரண்டு: 2008 டிஎல் டைப்-எஸ் மேனுவல், 171,000 மைல், 7,900 டாலர். டைமிங் பெல்ட் மாற்றினதா தெரியாது என்கிறார்.

---

ஆறாம்_கியர்:

330ஐ-காரரிடம் கேட்க வேண்டியது ஒன்றுதான்: "கூலிங் மாற்றியாச்சு என்றால் எதெது, எந்த வருடம், எத்தனை மைலில்?" பாதிப் பேருக்குக் கூலிங் என்றால் தெர்மோஸ்டாட் மட்டும். பம்ப், டேங்க், ரேடியேட்டர் மூன்றும் ஒரே பில்லில் இருந்தால் அவர் சொல்வது நிஜம். பில்லில் மைல் போட்டிருக்கும், இப்போதைய ஓட்டத்தோடு கழித்துப் பாருங்கள். 50,000 மைல் தாண்டியிருந்தால் மாற்றவில்லை என்றே வைத்து விலை பேசலாம்.

முன் பின் வேறு கம்பெனி டயர் இந்த வண்டியில் பெரிய குற்றமில்லை. ஸ்போர்ட் பேக்கேஜ் 17 அங்குலச் சக்கரம் என்றால் முன்னால் 225/45, பின்னால் 245/40. இரண்டு அளவு என்பதால் மாற்றி மாற்றிப் போட முடியாது, பின்னது சீக்கிரம் தேயும், தேய்ந்த ஜோடியை மட்டும் மாற்றுவார்கள். ஆனால் ஒரே அச்சில் இடது ஒன்று, வலது ஒன்று என்றால் கேள்வி கேளுங்கள். பின் டயரின் உள்பக்கத்தைக் கையால் தடவுங்கள். உள்ஓரம் மட்டும் மொட்டையாக இருந்தால் டிரெய்லிங் ஆர்ம் புஷ் போயிருக்கிறது. 55 மைல் வேகத்தில் பிரேக் பிடித்தால் ஸ்டீயரிங் ஆடுகிறது என்றால் டிஸ்க்கை மாற்றும் முன் முன்பக்கக் கன்ட்ரோல் ஆர்ம் புஷ்ஷைப் பாருங்கள். இரண்டும் 20 வருட வண்டியில் எதிர்பார்க்கிற செலவு, விலையைக் குறைக்கப் பயன்படும், ஓட வைக்கிற காரணமில்லை.

இன்னொன்று, பணம் கொடுக்கும் முன்பே. வண்டியின் 17 இலக்க வின் எண்ணை அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்புத் துறையின் ரீகால் பக்கத்தில் போட்டுப் பாருங்கள். டகாட்டா ஏர்பேக் மாற்றாத 2000–2006 பிஎம்டபிள்யூக்களை ஓட்டவே வேண்டாம் என்று கம்பெனியே 2023-இல் சொல்லிவிட்டது. ரீகால் வேலை டீலரிடம் இலவசம். ஆனால் விற்பவரையே முடித்துத் தரச் சொல்லுங்கள், உலோகத்துண்டு முகத்தில் பாயக்கூடிய ஏர்பேக்கோடு வீட்டுக்கு ஓட்டி வருவானேன்.

டைப்-எஸ்: 7,900 + பெல்ட் 1,000 + வரி என்றால் கை காலி. மூன்றாம் கியர் சுத்தமாக இருந்து 6,700-க்கு இறங்கினால் மட்டும் பேசலாம்.

---

துருப்பிடிச்சவன்:

பனிக்காலத்தில் சாலையில் தூவும் உப்பைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. ஓஹையோ வண்டி என்றால் இன்ஜினுக்கு முன்னால் அடிப்பகுதி. ஈ46-இல் பின் சக்கர வளைவின் உள்மடிப்பு, ஜாக் வைக்கும் இடங்கள், முன் ஃபெண்டரின் கீழ்மூலை, இவற்றை ஸ்க்ரூடிரைவர் பிடியால் தட்டுங்கள். 'டங்' என்றால் தகடு, 'பொத்' என்றால் பொத்தல். அதைவிட முக்கியம் பிரேக் குழாய். பின்பக்கம் போகிற இரும்புக் குழாய் பெட்ரோல் டேங்க் மேலே மறைவாகப் போகிறது. கண்ணுக்குத் தெரியும் பகுதியில் செதில் செதிலாகத் துரு இருந்தால் தெரியாத பகுதியில் இன்னும் மோசம், டேங்கை இறக்கித்தான் மாற்ற வேண்டும். அடியில் புதிதாகக் கறுப்பு அண்டர்கோட்டிங் பளபளவென்று அடித்திருந்தால் நான் மேலே பார்க்காமலே கிளம்பிவிடுவேன்.

தென்மாநில வண்டி ஒன்றை 400 மைல் போய் எடுத்து வந்தாலும் லாபமே. டென்னஸி, கரோலைனா பக்கம் தேடுங்கள்.

காகித வேலை: ஓஹையோ டைட்டிலில் (வண்டியின் உரிமைப் பத்திரம்) விற்பவரின் கையெழுத்தை நோட்டரி முன்னால்தான் போட வேண்டும். முன்கூட்டியே கையெழுத்துப் போட்டு நீட்டினால் வாங்காதீர்கள். டைட்டிலில் உள்ள பெயரும் ஆள் அடையாள அட்டையும் ஒன்றா பாருங்கள். இருவரும் சேர்ந்து கிளார்க் ஆஃப் கோர்ட்ஸ் டைட்டில் அலுவலகத்துக்கே போய்விட்டால் கையெழுத்தும் பெயர் மாற்றமும் அங்கேயே முடியும். கிளீவ்லாந்து என்பதால் ஈ-செக் புகைச் சோதனை உண்டு. செக் இன்ஜின் விளக்கு எரிந்தால் ஃபெயில். அதனால் பிழைக் குறியீடுகளை அழித்துவிட்டு விற்பார்கள். உங்கள் ஓபிடி ரீடரில் ரெடினஸ் மானிட்டர் (வண்டி தன்னைத்தானே சோதித்து முடித்ததா என்று காட்டும் பட்டியல்) பக்கத்தைப் பாருங்கள். பலதும் 'முடியவில்லை' என்று காட்டினால் இன்று காலைதான் விளக்கை அணைத்திருக்கிறார்.

வாங்கும் முன் வெளி மெக்கானிக்கிடம் லிஃப்டில் ஏற்றிப் பார்க்க 150–250 டாலர். பிஎம்டபிள்யூ மட்டும் பார்க்கிற தனிக்கடையாக இருக்க வேண்டும், விற்பவருக்குத் தெரிந்த கடை வேண்டாம். அதற்கு அவர் மறுத்தால் அங்கேயே முடிந்தது.

---

ஏரிக்கரையான்:

330ஐ-காரர் பில் அனுப்பினார். ரேடியேட்டர், டேங்க், பம்ப், தெர்மோஸ்டாட், ஹோஸ் எல்லாம் 121,000 மைலில். லிஃப்டில் பார்க்கவும் சம்மதித்தார். சப்ஃப்ரேம் தகடு சுத்தம், பிரேக் குழாய் பரவாயில்லை. டிரெய்லிங் ஆர்ம் புஷ் போயிருக்கிறது, வால்வ் கவர் கசிகிறது. ஏர்பேக் ரீகால் முடித்ததாகப் பதிவு இருக்கிறது. கிளட்ச் வழுக்கவில்லை, ஐடிலில் ஃப்ளைவீல் லேசாகக் கடகடக்கிறது. எவ்வளவு கேட்கலாம்? எடுத்தால் முதலில் எதை மாற்றுவது?

---

ஆறாம்_கியர்:

5,000-இல் ஆரம்பித்து 5,200-க்குள் முடியுங்கள். புஷ், கேஸ்கெட் இரண்டையும் மெக்கானிக் எழுதிக்கொடுத்த தாளோடு காட்டினால் வாதம் வராது. ஃப்ளைவீலுக்கு 2,000 டாலரை மனதில் ஒதுக்கி வையுங்கள், ஆனால் இப்போதே மாற்ற வேண்டாம். கடகடப்பு வருடக்கணக்கில் அப்படியே இருக்கலாம். கிளட்ச் வழுக்க ஆரம்பிக்கும்போது இரண்டையும் ஒரே கூலியில் முடிக்கலாம். அப்போது ரிலீஸ் பேரிங், பைலட் பேரிங், இன்ஜினின் பின் மெயின் சீல், டிரைவ்ஷாஃப்ட் ரப்பர் டிஸ்க் நாலையும் சேர்த்துப் போடச் சொல்லுங்கள். பெட்டி இறங்கியிருக்கும்போது பாகத்தின் விலை மட்டும்தான்.

முதல் வாரம் ஆயில்: 6.5 லிட்டர், பிஎம்டபிள்யூ எல்எல்-01 தரம் எழுதிய 5டபிள்யூ-30 அல்லது 5டபிள்யூ-40. ஃபில்டர் மேலேயே இருக்கிறது, மூடியின் ஓ-ரிங்கைப் புதிதாகப் போடுங்கள். அதன் பிறகு 1,000 மைலுக்கு ஒருமுறை குச்சியைப் பாருங்கள், எம்54 கொஞ்சம் குடிக்கும்.

வால்வ் கவர் கேஸ்கெட்டை நீங்களே செய்யலாம். ப்ளக் குழி கேஸ்கெட்டுகளும் போல்ட் ரப்பர்களும் சேர்ந்த செட் வாங்குங்கள். பழையதை எடுத்ததும் அரை நிலவு மூலைகளில் மட்டும் கொஞ்சம் சிலிக்கோன், சுற்றிலும் பூசாதீர்கள். கவர் பிளாஸ்டிக் என்பதால் போல்ட்டை முறுக்கித் தள்ளினால் கீறிவிடும். அதே மூச்சில் ஆறு ப்ளக்கும் மாற்றிவிடலாம்.

கூலன்ட் எப்போதாவது திறந்தால் காற்றை எடுக்காமல் ஓட்டாதீர்கள். இக்னிஷன் ஆன், இன்ஜின் ஓடக்கூடாது, ஹீட்டர் முழு வெப்பம், விசிறி மெதுவாக. டேங்க் மூடிக்குப் பக்கத்தில் இருக்கும் ப்ளீட் ஸ்க்ரூவைத் திறந்து, குமிழி நின்று திரவமாக வரும்வரை மெதுவாக ஊற்றி மூடுங்கள். அது பிளாஸ்டிக் ஸ்க்ரூ, கையளவு இறுக்கம் போதும்.

கியர்பாக்ஸ் எண்ணெய்க்குப் பெட்டியில் ஒட்டியிருக்கும் லேபிளைப் படித்த பிறகே வாங்குங்கள், ஆறு கியருக்கு எம்டிஎஃப்-எல்டி வகை. கழற்றும்போது மேலே உள்ள ஊற்றும் போல்ட்டை முதலில் திறந்து பாருங்கள். அது திறந்த பிறகுதான் கீழ் போல்ட்டில் கை வைக்க வேண்டும். வரிசை மாறி, கீழே வடிந்த பிறகு மேல் போல்ட் துருவில் மாட்டிக்கொண்டால் எண்ணெய் இல்லாத பெட்டியோடு டோ டிரக்தான்.